ஏழாம் வரிசையும் இருபத்து மூன்றாம் வரிசையும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதக் காலையில், கட்டுநாயக்க விமான நிலையத்தில் தொடங்கியது இந்தக் கூத்து. நான் உருத்திரபுரத்தில் வயல் செய்கிறவன். விமானத்தை அதுவரை அண்ணாந்து பார்த்ததோடு சரி. அண்ணாந்து பார்க்கக்கூட நிற்காமல், குண்டுக்குப் பயந்து பங்கருக்குள் குதித்த காலமும் உண்டு. அப்படிப்பட்டவன் புது வேட்டியும் புதுச் செருப்புமாக, மகளின் கல்யாணத்துக்காகச் சென்னைக்குப் பறக்க வந்து நின்றேன்.

கல்யாணம் ஏன் சென்னையில் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். மாப்பிள்ளை கனடாவில். அவருக்கு இங்கே வரச் சில சிக்கல், எங்களுக்கு அங்கே போக வழியில்லை. நடுவில் சென்னை இருக்கிறது. தாலி கட்டி முடிந்ததும் மகள் அங்கே மாப்பிள்ளையின் சொந்தக்காரர் வீட்டிலேயே தங்கி, விசா வந்ததும் அப்படியே கனடாவுக்குப் போவதாக ஏற்பாடு. ஆக, வீட்டை விட்டு அவள் வெளிக்கிட்டது அன்றைக்குத்தான். மனைவியும் மச்சான் குடும்பமும் ஒரு வாரம் முந்தியே போய்விட்டார்கள். எனக்கு நெல்லு வெட்டு முடியவில்லை. முன்பள்ளியில் படிப்பிக்கிற மகளுக்கு, புதிதாக வந்த ரீச்சரிடம் பிள்ளைகளைப் பாரம் கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் நாங்கள் இரண்டு பேரும் தனியே மிஞ்சினோம்.

அந்தத் தனிமைக்காகத்தான் நான் பல நாளாகக் காத்திருந்தேன். ஏனென்று சொல்கிறேன்.

என் வீட்டில் எனக்கும் மகளுக்கும் நடுவில் பேச்சு எப்போதும் மனைவி வழியாகத்தான் போகும், வரும். சண்டை ஒன்றுமில்லை. பிள்ளை வளர்ந்த பிறகு அப்படியாகிப் போய்விட்டது. எனக்கு ஏதும் வேண்டுமென்றால் விறாந்தையில் இருந்து சத்தம் போடுவேன். அவளுக்கு ஏதும் வேண்டுமென்றால் குசினியில் சமைக்கிற தாயிடம் சொல்வாள். கல்யாணப் பேச்சும் அப்படித்தான் நடந்தது. போனில் மாப்பிள்ளையின் முகம் காட்டினார்கள், நல்ல பெடியன்தான். “பிள்ளைக்குச் சம்மதமோ?” என்று மனைவியைக் கேட்டேன். “ஓம், அவள் ஓமெண்டிட்டாள்” என்று பதில் வந்தது. நான் தலையை ஆட்டிவிட்டு வயலுக்குப் போய்விட்டேன்.

ஆனால் கடைசி வாரங்களில் பிள்ளை சத்தமில்லாமல் போய்விட்டாள். சாப்பாட்டுக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு ஒரு நிமிடம் நிற்பாள், பிறகு போய்விடுவாள். பின்னேரங்களில் வாய்க்கால் கட்டின் மேல் போய் இருந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டேயிருப்பாள். எல்லாரும் ஓமென்கிறார்கள் என்று இவளும் ஓமென்றுவிட்டாளோ? மனமில்லாமல் போகிறாளோ? ஒரு தரம் நேரே கேட்டுவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். வீட்டில் அதற்கு இடமில்லை, எந்த நேரமும் ஆட்கள். சென்னையில் இறங்கினால் மண்டபம், மேளம், சொந்தக்காரர். விமானத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கப்போகும் அந்த ஒரு மணித்தியாலம்தான் எனக்கு மிச்சம். அவள் இல்லை என்று சொன்னால் அடுத்த விமானத்திலேயே திருப்பிக் கூட்டிக்கொண்டு வருவது, ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று மனதைக் கல்லாக்கியிருந்தேன். எத்தனையோ இரவு படுக்கையில் கிடந்து அந்த ஒரு மணித்தியாலத்தை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வெள்ளை மேகம், பக்கத்தில் பிள்ளை, யாருடைய சத்தமும் இல்லை.

விமான நிலையத்தில் பெட்டிகளை நிறுத்து வாங்கிய பெண் இரண்டு போடிங் பாஸ் தந்தாள். எனக்கு ஏழாம் வரிசை, ஜன்னல். மகளுக்கு இருபத்து மூன்றாம் வரிசை, நடு.

“பிள்ளை, நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டாய்ப் போறம்” என்றேன் அந்தப் பெண்ணிடம், ஏதோ அவளுக்குத் தெரியாத மாதிரி.

“அங்கிள், நான் குடுக்க இல்லை. கம்ப்யூட்டர் குடுத்தது” என்றாள் அந்தச் சிங்களப் பிள்ளை, தனக்குத் தெரிந்த தமிழில், பாவமாக.

டிக்கெட்டை மாப்பிள்ளையின் அக்கா கனடாவில் இருந்தே எடுத்திருந்தார். மலிவான டிக்கெட். கதிரையை நாங்களே தெரிவு செய்வதென்றால் அதற்கு வேறாகக் காசு கட்ட வேண்டுமாம். கட்டாதவர்களைக் கம்ப்யூட்டர் தன் விருப்பத்துக்குத் தூக்கிப் போடுமாம். ஒரே ஆள், ஒரே நேரத்தில், அப்பனுக்கும் மகளுக்கும் எடுத்த டிக்கெட் என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. விமானம் நிரம்பிவிட்டது, இனி மாற்ற இடமில்லை என்று அந்தப் பிள்ளை கையை விரித்துவிட்டாள். நான் மகளைப் பார்த்தேன். ஆங்கிலம் தெரிந்தவள், ஏதும் கேட்பாள் என்று பார்த்தால் அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய மண்டபம். மார்கழிப் பனி மாதிரிக் குளிர். எங்கோ இருந்து ஒரு பெண் குரல் ஊர்ப் பெயர்களாகச் சொல்லிக்கொண்டேயிருந்தது. வெளியே விமானங்கள் சத்தமில்லாமல் ஊர்ந்தன. எல்லாம் நித்திரையில் நடக்கிற மாதிரி இருந்தது. கையிலிருந்த சிறிய அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க அது எனக்குப் பழக்கமான ஒன்றாகத் தெரியத் தொடங்கியது. அட, இது எங்கள் சிறுபோகச் சீட்டல்லவா!

குளத்தில் தண்ணீர் குறைந்த வருடங்களில், கோடை விதைப்பான சிறுபோகத்துக்கு எல்லா வயலும் விதைக்க முடியாது. வாய்க்கால் தலைப்பில் இருக்கிற காணியை மட்டும் விதைப்போம். அது யாருடைய காணியாக இருந்தாலும் அந்தப் போகத்துக்கு எல்லாருக்கும் பொது. துண்டு துண்டாகப் பிரித்து, சீட்டுப் போட்டு எடுப்போம். எடுத்த கையோடு மரத்துக்குக் கீழே கூடி நின்று எங்களுக்குள்ளேயே சீட்டை மாற்றிக்கொள்வோம். அண்ணனும் தம்பியும் பக்கத்தில் வரவேண்டும், கோபக்காரர் இரண்டு பேர் ஒரே வரப்பில் வரக்கூடாது. ஆளுக்கு ஒரு துண்டு கிடைத்தால் போதும், எந்தச் சீட்டு எந்தக் கையில் இருக்கிறது என்று ஒருவரும் கணக்கெடுப்பதில்லை.

பிறகென்ன? வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு எழும்பினேன். மகளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, மண்டபத்தில் தமிழ் முகமாகத் தெரிந்த ஒவ்வொருவரிடமும் போய், “உங்கட சீட்டு எத்தினையாம் வரிசை?” என்று கேட்டேன். சிலர் பயந்து பையை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். கடைசியில் தொப்பி போட்ட, என் வயது முஸ்லிம் மனிதர் ஒருவர் சந்தோசமாகத் தன் அட்டையை நீட்டினார். இருபத்து மூன்று! மகளுக்குப் பக்கத்துக் கதிரை!

முல்லைத்தீவுப் பக்கத்து ஆள். இடம்பெயர்ந்து பல வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, கொஞ்சம் வயலும் ஒரு புடவைக் கடையுமாக இருக்கிறார். கடைக்குத் துணி எடுக்கச் சென்னை போகிறார். அவருக்கும் இதுதான் முதல் விமானம். மகளின் கல்யாணத்தையும் சீட்டு விசயத்தையும் சொன்னேன். வயல்காரன் அல்லவா, அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“இதுக்கென்ன அண்ணை, எங்கட பக்கமும் இப்பிடித்தானே. இந்தாங்கோ” என்று தன் அட்டையைத் தந்து என்னுடையதை வாங்கிக்கொண்டார். தனக்கு ஜன்னல் கிடைத்ததில் அவருக்கு வலு புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் நெஞ்சு பாரம் இறங்கியது. மகளிடம் மூச்சுக்கூட விடவில்லை, உள்ளே போய்ப் பக்கத்தில் இருந்து அவளைத் திகைக்க வைக்கலாம் என்று நினைத்தேன்.

திகைத்தது நான்தான். வாசலில் நின்ற அதிகாரி என் அட்டையைப் பார்த்தார், பாஸ்போட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். திரும்ப அட்டையைப் பார்த்தார். அவருடைய முகம் இறுகிவிட்டது. அட்டையில் இருந்த பெயர் ஒரு முஸ்லிம் பெயர், நெற்றியில் விபூதியோடு நான். எனக்கு அப்போதுதான் உறைத்தது, இந்தச் சீட்டில் பெயர் எழுதியிருக்கிறது என்று. எங்கள் வயல் சீட்டில் இலக்கம் மட்டும்தான் இருக்கும்!

எங்கள் இரண்டு பேரையும் கண்ணாடிச் சுவரோரம் ஒதுக்கி நிறுத்திவிட்டார்கள். பின்னால் வந்த மகள் வெளிறிப்போய் எங்களோடு வந்து நின்றாள். மற்ற ஆட்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே வரிசையாக உள்ளே போனார்கள். வரிசை குறையக் குறைய நான் வெளியே நின்ற விமானத்தையே பார்த்தேன். விமானம் விட்டுவிட்டுப் போய்விடுமோ? நாளை மறுநாள் கல்யாணம். ‘மடையா, மடையா, வயல் புத்தியை ஆகாயத்திலும் காட்டினாயே’ என்று என்னையே ஏசிக்கொண்டேன். மகளைக் கொஞ்சம் தள்ளியிருந்த கதிரையில் போய் இருக்கச் சொன்னேன். அவள் காதில் விழாமல் அந்த மனிதரிடம் மெதுவாக மன்னிப்புக் கேட்டேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம்.

“நானா, குறை நினைக்காதேங்கோ. என்ரை பிள்ளையிட்டை ஒரு விசயம் கேக்க வேணும். அதைக் கேக்க எனக்கு வேறை இடமில்லை. அதுக்குத்தான் இந்தப் பாடெல்லாம்.”

அவர் என்ன விசயம் என்று கேட்கவில்லை. என் தோளைத் தொட்டுவிட்டு, நேரே அந்த அதிகாரியிடம் போனார். புத்தளத்தில் இருந்தவர் அல்லவா, சிங்களம் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. கையை விரித்து, குளத்தைக் காட்டி, வாய்க்காலைக் காட்டி, காற்றில் வரப்புக் கட்டிக் கதை சொன்னார். அதிகாரி உம்மென்று கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம். “ஆ, பெத்ம!” என்றார்.

அவருடைய ஊர் அனுராதபுரப் பக்கமாம். அவருடைய தகப்பனும் குளத்து வயல்காரனாம். தண்ணீர் குறைந்த வருடத்தில் காணியைப் பிரித்து விதைக்கும் இதே வழக்கத்துக்கு அங்கே அந்தப் பெயராம். சிறுவயதில் தகப்பனோடு சீட்டு மாற்றப் போயிருக்கிறாராம். சிரித்துக்கொண்டே இன்னும் ஏதோ சொன்னார், நானா எனக்குத் தமிழில் சொன்னார்: வயலில் யார் எங்கே நின்றாலும் பரவாயில்லை, விமானத்தில் யார் எந்தக் கதிரை என்பது பெயரோடு இருக்க வேண்டும், இனி இந்த விளையாட்டு வேண்டாம். கதவு மூடி விமானம் மேலே ஏறினதும் பணிப்பெண்ணைக் கேட்டு வேண்டியமாதிரி மாறலாம். எங்கள் அட்டைகளைத் திருப்பி மாற்றித் தந்து, கையால் விரட்டுகிற மாதிரிக் காட்டினார். ஓடிப்போய்க் கடைசி ஆட்களாக ஏறினோம்.

ஆக, நான் மறுபடியும் ஏழாம் வரிசையில். மகள் எங்கோ பின்னால், நானாவுக்குப் பக்கத்தில். எனக்குப் பக்கத்தில் சென்னைக்குத் திரும்புகிற ஒரு அம்மா கண்ணை மூடிச் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். விமானம் ஓடி, நிலத்தை விட்டது. அந்த நேரம் நெஞ்சுக்குள் ஏதோ கழன்ற மாதிரி இருந்தது. தென்னைகள் கீழே போயின, கடற்கரை போனது, வீடுகள் போயின. மேகத்துக்குள் நுழைந்தோம், எல்லாம் வெள்ளை. காதும் அடைத்துவிட்டது. நான் இருக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. பயமும் இல்லை. இத்தனை வருடமாக மண்ணைக் குனிந்து பார்த்த மனிதன் நான், என் வாழ்க்கையே யாரோ ஒருவருடையது மாதிரி எங்கோ கீழே கிடந்தது.

மேகம் விலகியபோது நாங்கள் வடக்கே போய்க்கொண்டிருந்தோம். என் ஜன்னல் கிழக்குப் பக்கம். பழுப்பும் பச்சையுமாகக் காடு, நடுவில் வெட்டி முடித்த வயல்கள் வைக்கோல் நிறத்தில். தூரத்தில் வெயில் பட்டு ஒரு குளம் மின்னியது. நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டேன். எங்கள் குளம்! அந்தக் குளத்துக் கட்டின் மேல் எத்தனை இரவு தண்ணீர்க் காவலுக்குப் படுத்திருக்கிறேன். அது ஒரு கை அள்ளின தண்ணீராக அங்கே கிடந்தது. அந்தத் தண்ணீரில் வளர்ந்த பிள்ளை இதைப் பார்க்காமல் பின்னால் நடுக் கதிரையில் இருக்கிறாளே என்று நினைத்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அம்மா, ஒரு உதவி” என்று பக்கத்தில் குரல் கேட்டது. திரும்பினால் நானா நின்றார். பின்னால் பணிப்பெண், அவளுக்குப் பின்னால் என் மகள். “இந்தப் பிள்ளைக்கு நாளையிண்டைக்குக் கலியாணம். தகப்பனோடை கொஞ்ச நேரம் இருக்க ஆசைப்படுறா. நீங்கள் பின்னாலை வந்து இருப்பீங்களோ?”

“அடடா, கல்யாணப் பொண்ணா! இதைக் கேக்கணுமா?” என்று அந்த அம்மா செபமாலையோடு எழுந்து, போகிற போக்கில் மகளின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். பெயர் எழுதிய சீட்டோடு நான் தலைகீழாக நின்றும் நடக்காதது, ஒரு வார்த்தையில் நடந்துவிட்டது.

மகள் பக்கத்தில் வந்து இருந்தாள். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு நான் கட்டி வைத்திருந்த பேச்செல்லாம் எங்கே போனதோ, தெரியவில்லை. அவசரமாக ஜன்னலைக் காட்டினேன். “அங்கை பார் பிள்ளை, எங்கட குளம்.”

அவள் எட்டிப் பார்த்தாள். “அப்பா, அது வவுனிக்குளம்.”

அடக் கடவுளே! வேறு ஊர்க் குளத்தைப் பார்த்தா நான் அழுதேன்? அவள் சிரித்தாள். பல வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அதைவிடப் பெரிதாக இன்னொரு வெளிச்சம் தூரத்தில் விரிந்தது. “அதுதான் எங்கட இரணைமடு” என்றாள் மெதுவாக. இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுடைய முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்குத் துணிவில்லை. குளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

“பிள்ளை, உனக்கு இது விருப்பமோ? இல்லையெண்டா இப்பவும் ஒண்டும் கெட்டுப்போகேல்லை. திரும்பிப் போவம்.”

ஜன்னல் கண்ணாடியில் அவளுடைய முகம் மங்கலாகத் தெரிந்தது. அதற்குள்ளால் குளமும் தெரிந்தது.

“விருப்பம்தான் அப்பா” என்றாள் கடைசியில். “அம்மா கேட்டவா, மாமி கேட்டவா, பள்ளிக்கூடத்திலையும் கேட்டவை. நீங்கள் மட்டும் ஒருக்காலும் கேக்கேல்லை. நான் போறது உங்களுக்குப் பெரிய விசயமில்லையாக்கும் எண்டு நினைச்சிட்டன்.”

எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு ஒவ்வொரு நாளும் அவள் நின்ற அந்த ஒரு நிமிடம் இதற்குத்தானா?

“பெரிய விசயம் பிள்ளை” என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இன்னொண்டு சொல்லுறன், ஏசக்கூடாது. ரெண்டு பேருக்கும் வேறை வேறை இடம் எண்டு நேற்றே போனிலை காட்டினது. அப்ப பக்கத்திலை பக்கத்திலை இடம் இருந்தது, கொஞ்சக் காசு கட்டி மாத்தியிருக்கலாம். நான்தான் பேசாமல் விட்டனான். உங்களுக்குப் பக்கத்திலை இருந்தா அழுதுபோடுவன் எண்டு பயம். பக்கத்திலை இருந்த நானா, அப்பாவிட்டை போ பிள்ளை எண்டதும் மனம் கேக்கேல்லை.”

சொல்லி முடிக்க முதலே அழுதுவிட்டாள். நான் ஏசவில்லை. நானும் அழுதேன், வெட்கமில்லாமல். கம்ப்யூட்டரைத் திட்டித் தீர்த்தேனே, பாவம், அது தெரியாத்தனமாகச் செய்ததை என் பிள்ளை தெரிந்தே விட்டிருக்கிறாள். அவள் பயந்து தள்ளிப்போன இடத்துக்கு நான் விழுந்தடித்து வர ஓடியிருக்கிறேன். கீழே நிலம் முடிந்து கடல் வந்தது. நீலமா வெள்ளையா என்று தெரியாத ஒரு நிறம், எங்கே கடல் முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அவள் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். சிறுபிள்ளையில் சைக்கிள் முன் பாரில் இருந்து என் நெஞ்சில் சாய்ந்து நித்திரையாவாள், அதே பாரம்தான். சென்னை வராமலே இருந்தால் நல்லது என்று தோன்றியது.

சென்னை வந்தது. இறங்கும்போது நானா பின்னால் இருந்து தன் பையோடு வந்து, என் காதருகே குனிந்தார். “கேட்டாச்சோ அண்ணை?”

“ஓம் நானா, கேட்டாச்சு” என்றேன். அவ்வளவுதான். கூட்டத்தில் அவருடைய தொப்பி கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. பெயரை அன்று அந்த அட்டையில் பார்த்தேன்தான், ஆனால் அந்தப் பதற்றத்தில் அது மனதில் நிற்கவில்லை.

மகள் இப்போது கனடாவில், நல்லாக இருக்கிறாள். போன் எடுத்தால் மனைவி பேசி முடியும்வரை நான் காத்திருப்பதில்லை. “தா இங்கை” என்று வாங்கி, சாப்பிட்டியோ, குளிரோ, சந்தோசமாய் இருக்கிறியோ என்று நேரே கேட்கிறேன். “அப்பா, நேற்றும் இதைத்தானே கேட்டனீங்கள்” என்று சிரிக்கிறாள். பின்னேரங்களில் விறாந்தையில் இருந்தபடி, அவள் தாயோடு நின்ற குசினி வாசலைப் பார்ப்பேன். நாலு எட்டு வைத்தால் போய்விடலாம். அந்த நாலு எட்டை வைக்க எனக்கு ஒரு விமானமும், பேர் தெரியாத சில மனிதர்களின் நல்ல மனமும் வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போது, இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது.